பனி இடுக்கில் இறங்கியவர்கள்

பனி என்றால் ஆழ்வார்திருநகரிக்காரர்களுக்கு மார்கழி விடியலில் தாமிரபரணிக் கரைப் புல்லில் நிற்கிற ஈரம்தான். மலை என்றால் மேற்கே மங்கலாகத் தெரியும் பொதிகை. ஆகவே, ஆர்க்டிக் கடலோரத்தில் செங்குத்தான மலை இடுக்குகள் வழியே பனிச்சறுக்கிக் கீழே வந்தவர்களின் கதையை நம் மலருக்கு எழுதப் போகிறேன் என்றதும், "நமக்கும் அதுக்கும் என்னல சம்பந்தம்?" என்று நண்பர்கள் கேட்டார்கள். சம்பந்தம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் கொற்கைக் கடலுக்கு வர வேண்டும். முதலில் பனிமலைக்குப் போவோம்.

இடுக்கும் அதன் கணக்கும்

இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை ஓடும் ஒடுக்கமான பிளவில் பனி நிரம்பி நிற்கும். பிரெஞ்சுக்காரர்கள் இதைக் 'குலுவார்' என்பார்கள். நடைவழி என்று பொருள். சில இடங்களில் நம் சன்னதித் தெருவை விட ஒடுக்கமாக இருக்கும். மேலேயிருந்து கல் உருண்டாலும் பனி சரிந்தாலும் இதன் வழியாகத்தான் வரும். ஒதுங்க இடம் கிடையாது.

பொறியியல் படித்தவர்கள் ஒரு சின்னக் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 50 பாகைச் சரிவில் ஒருவர் விழுகிறார். உராய்வை விட்டுவிட்டால், மூன்றே வினாடியில் மணிக்கு 80 கிலோமீட்டர் வேகம்! பனி கெட்டியாக இருந்தால் உராய்வும் பெரிதாகக் கைகொடுக்காது. எனவேதான் இவ்வகைச் சறுக்கலுக்கு, 'விழுந்தால் சாவு' என்பதையே இலக்கணமாக வைத்தார்கள். இங்கே வேகமாக வருவது திறமை அல்ல. ஒவ்வொரு திருப்பத்திலும் குதித்துத் திரும்பி, வேகத்தைக் கொன்று கொன்று இறங்குவதே திறமை.

ஆல்ப்ஸிலிருந்து லடாக் வரை

பனிச்சறுக்கு வடநாட்டு மக்களின் பழைய போக்குவரத்து. அதை விளையாட்டாக வளர்த்ததில் நார்வேயின் டெலிமார்க் பகுதிக்குப் பெரும் பங்கு உண்டு. 1888இல் நான்சென் குழுவினர் சறுக்குக் கட்டைகளோடு கிரீன்லாந்தைக் குறுக்கே கடந்தார்கள். ஆனால் இடுக்குகளில் துணிந்து இறங்கும் காலம் பின்னால்தான் வந்தது. ஸ்விட்சர்லாந்தைச் சேர்ந்த சில்வான் சோதான், 1967இல் பிரான்சின் ஷாமொனி அருகே 'ஸ்பென்சர்' என்ற இடுக்கில் இறங்கினார். மலையேறுபவர்களே கயிறு கட்டிக்கொண்டு போகும் இடம் அது!

அதே சோதான் 1977இல் நம் நாட்டுக்கு வந்தார். லடாக்கின் சுரு பள்ளத்தாக்கை ஒட்டி நிற்கும் நுன் சிகரத்திலிருந்து சறுக்கி இறங்கினார். உயரம் 7,135 மீட்டர். நம் பொதிகையைப் போலக் கிட்டத்தட்ட நான்கு மடங்கு. அந்த உயரத்தில் காற்றழுத்தம் கடல் மட்டத்தில் இருப்பதில் பாதிகூட இல்லை. நாலு திருப்பம் திரும்பினால் மூச்சு வாங்கும். 1982இல் பாகிஸ்தானில் உள்ள, 8,000 மீட்டருக்கு மேற்பட்ட காஷர்பிரம்-1 சிகரத்திலிருந்தும் இறங்கினார். இத்தனைக்கும் பிறகு 2024 வரை வாழ்ந்து, எண்பதுகளின் பிற்பகுதியில்தான் காலமானார்.

எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. சோதான் நுன்னில் இறங்கிய அதே 1977இல், ஹைனி ஹோல்சர் என்ற பெரிய வீரர் ஸ்விட்சர்லாந்தின் பீட்ஸ் ரோசெக் மலையில் விழுந்து இறந்தார். 2006இல் பிரான்சின் லா கிராவில் ஓர் இடுக்கில் நண்பர் விழுந்துவிட, உதவப் போன அமெரிக்கர் டக் கூம்ஸும் விழுந்து மாண்டார். மேலே நின்று பார்த்துவிட்டு, "இன்றைக்கு வேண்டாம்" என்று திரும்பியவர்களின் பட்டியல் எந்தப் புத்தகத்திலும் இல்லை. அந்தப் பட்டியல்தான் நீளமானது என்பது என் எண்ணம்.

கடலில் முடியும் இடுக்குகள்

இனி ஆர்க்டிக். கனடாவின் பாஃபின் தீவு, பரப்பில் தமிழ்நாட்டைப் போல நான்கு மடங்கு. அதன் கிழக்குக் கரையில் கடல் உள்ளே புகுந்த குடாக்களின் இருபுறமும் பாறைச் சுவர்கள் ஆயிரம் மீட்டருக்கு மேல் எழும்பி நிற்கின்றன. அவற்றின் நடுவே இடுக்குகள். உச்சியில் தொடங்கி, உறைந்த கடலிலேயே வந்து முடியும்!

2002 வசந்தத்தில் ஆண்ட்ரூ மெக்லீன், பிராட் பார்லேஜ் என்ற இரு அமெரிக்கர்கள் அங்கே சாம் ஃபோர்டு குடாவில் 'போலார் ஸ்டார்' என்ற இடுக்கில் இறங்கினார்கள். ஏறத்தாழ ஆயிரம் மீட்டர் இறக்கம். மெக்லீன் மலையேற்றக் கருவிகளை வடிவமைப்பவர், அதாவது நம்ம ஆள்! அங்கே விஞ்சு கிடையாது. இறங்க வேண்டிய இடுக்கிலேயே காலால் ஏற வேண்டும். ஏறும்போதே ஒவ்வோர் அடியிலும் பனி எப்படி இருக்கிறது என்று கால் படித்துக்கொள்ளும்.

அது சரி, அந்த அடிவாரத்துக்கு எப்படிப் போவது? கிளைட் ரிவர் என்ற சிற்றூரிலிருந்து, இனுயிட் மக்கள் பனி வண்டியில் கூட்டிப் போக வேண்டும். எந்த இடத்தில் பனி கடினம், எங்கே நீரோட்டத்தால் மெலிந்திருக்கிறது, எங்கே விரிசல் விடும் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். பின்னால் இழுத்துச் செல்லும் சறுக்கு வண்டியின் பெயர் 'கமுட்டிக்'. அதன் குறுக்குச் சட்டங்களை ஆணி அடிக்காமல் கயிற்றால் கட்டியிருப்பார்கள். கரடுமுரடான பனியில் ஆணி அடித்த வண்டி உடையும், கட்டிய வண்டி வளைந்து கொடுக்கும். நம் கட்டுமரமும் இதே தத்துவம்தானே! ஒருவரையொருவர் பார்த்தே இராத இரண்டு கடலோர மக்கள் ஒரே விடையைக் கண்டிருக்கிறார்கள்.

கயிறு பிடித்தவர்கள்

இப்போது கொற்கைக்கு வருவோம். கி.பி. முதல் நூற்றாண்டின் கிரேக்க நூலான 'பெரிப்ளூஸ்', பாண்டியரின் கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக் குளித்ததாகச் சொல்கிறது. பின்னாளில் கயிறும் கல்லும் மூச்சும் மட்டுமே துணையாக, எட்டுப் பத்துப் பாகம் ஆழத்துக்கு நம் கரை மக்கள் இறங்கினார்கள். ஒரு நிமிடம் போல உள்ளே இருப்பார்கள். மேலே தோணியில் ஒருவர் கயிறு பிடிப்பார். அது மச்சானாக இருக்க வேண்டும் என்று நம் பக்கத்தில் சொல்வதுண்டு. அக்காள் தாலி அவர் கையில் அல்லவா இருக்கிறது!

அங்கும் 'எப்போது இறங்கக் கூடாது' என்பதே முதல் பாடம். முன்கூட்டியே மாதிரிச் சிப்பி எடுத்துப் பார்த்து, பார் விளைந்திருந்தால்தான் அரசு குளிப்பு அறிவிக்கும். அதுவும் காற்று அடங்கிய பங்குனி, சித்திரையை ஒட்டித்தான். தூத்துக்குடியின் கடைசி முத்துக் குளிப்பு 1961இல் நடந்தது.

ஒரு வித்தியாசம் மட்டும் உறுத்துகிறது. பனி இடுக்கில் இறங்கியவர்களுக்குப் பெயர் இருக்கிறது, ஆண்டு இருக்கிறது, இடுக்குக்கே பெயர் இருக்கிறது. நம் கடலில் இறங்கியவர்களுக்கோ பெயர் இல்லை. முத்தை ஏலம் எடுத்தவர்களும், குத்தகை வாங்கிய அரசுகளும்தான் ஏட்டில் இருக்கிறார்கள். கயிறு பிடித்தவரும் கமுட்டிக் ஓட்டியவரும் இரண்டு வரலாற்றிலுமே இல்லை.

இன்றைய மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1961இல் இருபது வயது வாலிபராக இறங்கியவருக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. திருச்செந்தூர், காயல், தூத்துக்குடிக் கரைகளில் அவர்களில் யாராவது இருந்தால், ஒரு நோட்டும் கைப்பேசியும் எடுத்துக்கொண்டு போய் உட்காருங்கள். கல்லின் எடை என்ன, கயிற்றை எத்தனை தரம் ஆட்டினால் தூக்க வேண்டும், எந்த நீவாட்டில் இறங்க மாட்டார்கள் என்று கேளுங்கள். முக்கியமாக, மேலே கயிறு பிடித்தவர் பெயரைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த மலருக்கு அந்தக் கட்டுரை உங்களிடமிருந்து வரட்டும்.