தந்திகளும் வைப்புப் பணமும்

ஏழை ஒருவன் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தை வங்கியில் இடுகிறான். அந்த வங்கி முறிந்துவிட்டால் அவனுக்கு ஈடு செய்வது யார் கடன்? இவ்வினா 1933ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவின் தலைநகராகிய வாஷிங்டனில் பெரும் போராட்டமொன்றை எழுப்பிற்று.

1930ஆம் ஆண்டுக்கும் 1933ஆம் ஆண்டுக்கும் இடையில் அந்நாட்டில் 9,000க்கு மேற்பட்ட வங்கிகள் கதவடைத்தன. 1933 மார்ச் 4ஆம் நாள் பதவியேற்ற ஜனாதிபதி ரூஸ்வெல்ற், இரண்டு நாட்களின் பின் நாட்டின் வங்கிகள் அனைத்தையும் தற்காலிகமாக மூடுமாறு ஆணையிட்டார். வைப்புப் பணத்துக்குக் காப்புறுதி வேண்டுமென்ற கோரிக்கை அதன் பின்னர் மேலும் வலுத்தது. பிரதிநிதிகள் சபையின் வங்கிக் குழுத் தலைவரான ஹென்றி ஸ்டீகல் அதற்குப் பல காலமாக வாதாடி வந்தவர்.

அதனை எதிர்த்து நின்றது அமெரிக்க வங்கியாளர் சங்கம். 1875ஆம் ஆண்டில் தோன்றிய இச்சங்கம் நாடெங்கும் கிளைத்துச் செல்வாக்குப் பெற்றிருந்தது. சட்டமன்றத்தின் இடைகழியில் நின்று உறுப்பினரைக் கண்டு பேசித் தம் பக்கம் திருப்பும் முயற்சியை அமெரிக்கர் ‘லொபி’ என்பர். அக்கலையில் இச்சங்கம் தேர்ச்சி பெற்றிருந்தது.

சங்கத்தின் வாதம் யாது? திறமையாக நடைபெறும் வங்கி, திறமையற்ற வங்கியின் குற்றத்துக்குத் தண்டம் இறுக்க நேரும் என்பதே. கட்டணம் வைப்புத் தொகையின் அளவுக்கேற்ப அறவிடப்படுமாதலால், பெருநகர வங்கிகளின் மீதே பாரம் மிகுதியாக விழும். மேலும், 1907ஆம் ஆண்டு முதல் ஒக்லகோமா உள்ளிட்ட எட்டு மாநிலங்கள் இத்தகைய திட்டங்களை ஏற்படுத்தின; 1930ஆம் ஆண்டளவில் அவை யாவும் சிதைந்துவிட்டன. இவ்வனுபவம் வங்கியாளரின் வாதத்துக்கு வலுவூட்டிற்று. ரூஸ்வெல்ற்றும் முதலில் இத்திட்டத்தை விரும்பினாரல்லர்.

ஆயினும், பொதுமக்களின் விருப்பம் வேறாக இருந்தது. சட்டமூலம் நிறைவேறும் தறுவாயில், சங்கம் தன் உறுப்பு வங்கிகளுக்குத் தந்தி அனுப்பிற்று. சட்டமூலத்தை நிராகரிக்குமாறு ஜனாதிபதிக்கு அவையும் தந்தி அடிக்க வேண்டுமெனத் தூண்டிற்று. ரூஸ்வெல்ற் அதற்கு இணங்கவில்லை. 1933 ஜூன் 16ஆம் நாள் அவர் கையொப்பமிட்டார்.

1934 ஜனவரி முதலாம் நாள் காப்புறுதி நடைமுறைக்கு வந்தது. முதலில் ஒருவருக்கு 2,500 டொலர் வரை பாதுகாப்புக் கிடைத்தது. அவ்வாண்டின் நடுவில் அது 5,000 டொலராக உயர்ந்தது. 1933ஆம் ஆண்டில் ஏறத்தாழ 4,000 வங்கிகள் முறிந்தன. மறு ஆண்டில் முறிந்த காப்புறுதி பெற்ற வங்கிகளோ ஒன்பதேயாகும். பணம் பறிபோகாது என்ற துணிவு பிறந்தமையால், வதந்தி கேட்டு வங்கி வாயிலில் முண்டியடிக்கும் நிலை பெரிதும் மாறிற்று.

எனினும், வங்கியாளரின் அச்சம் முற்றிலும் பொய்யென்று தள்ளத்தக்கதன்று. 1980ஆம் ஆண்டில் காப்புறுதி எல்லை 100,000 டொலராக உயர்த்தப்பட்டது. காப்புறுதியின் நிழலில் துணிகரமாகக் கடன் வழங்கிய சேமிப்பு நிலையங்கள் பல பின்னர் வீழ்ந்தன. 1,000க்கு மேற்பட்ட நிலையங்கள் முறிந்தமையால் வரியிறுப்போர் 10,000 கோடி டொலருக்கு மேல் சுமக்க நேர்ந்தது. காப்புறுதிக்குக் கண்காணிப்பும் துணை நிற்றல் வேண்டும் என்பதை அந்நிகழ்ச்சி உணர்த்திற்று.

இத்தகைய சங்கங்களின் முயற்சிகள் நெடுங்காலம் மறைவிலேயே நடைபெற்றன. 1946ஆம் ஆண்டுச் சட்டம் லொபிக்காரர் தம்மைப் பதிந்து, வரவு செலவைக் காட்ட வேண்டுமென விதித்தது. 1995ஆம் ஆண்டில் அதனினும் இறுக்கமான சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. தம் தொழிலின் நலனை ஆட்சியாளரிடம் எடுத்துரைப்பது எவர்க்கும் உரிய உரிமையே. ஆனால், தந்தி அடிக்கச் சங்கமில்லாத சிறு வைப்பாளரின் குரலும் ஆட்சியாளர் செவியை எட்ட வேண்டும். 1933ஆம் ஆண்டில் அது எட்டிற்று. அன்று தந்தியால் தடுக்க முனைந்த காப்புறுதியின் சின்னத்தையே அமெரிக்க வங்கிகள் இன்று தம் வாயிலில் பொறித்து மக்களை அழைக்கின்றன.