ஜமாஅத் பதிவேட்டுக்கு எந்த மென்பொருள்?

2004 டிசம்பர் 26 அன்று கல்பாக்கம் கடற்கரையில் சுனாமி புகுந்தது. கடலோர ஊர்களில் குடும்பப் பதிவேடும் நிக்காஹ் பதிவேடும் காகிதத்தில் மட்டும் இருப்பது ஆபத்து என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

எக்செல் போதாதா? ஒரு குடும்பத்தின் முகவரி மூன்று தாள்களில் இருந்தால், ஒன்றைத் திருத்தியதும் மற்ற இரண்டும் தவறாகிவிடும். 1970இல் ஐபிஎம் ஆய்வாளர் எட்கர் காட் முன்வைத்த உறவுமுறைத் தரவுத்தளத்தில், முகவரி ஓரிடத்தில்தான் இருக்கும். சந்தா, நிக்காஹ் அட்டவணைகள் குடும்ப எண்ணை மட்டும் குறிக்கும்.

ஒரே கணினி என்றால் எஸ்கியூலைட் போதும். முழுத் தரவும் ஒரே கோப்பு, சர்வர் வேண்டாம். 'டிபி பிரவுசர்' என்ற இலவச மென்பொருளில் திறக்கலாம்.

படிவமும் அச்சு அறிக்கையும் வேண்டுமானால் லிப்ரே ஆபிஸ் பேஸ், இதுவும் இலவசம். மைக்ரோசாஃப்ட் அக்சஸ் எளிது. ஆனால் கட்டணம் உண்டு, விண்டோஸில் மட்டுமே இயங்கும், ஒரு கோப்பு 2 ஜிபியைத் தாண்டாது.

பலர் ஒரே நேரத்தில் பதிவதானால் மைஎஸ்கியூஎல் அல்லது போஸ்ட்கிரெஸ் வேண்டும். டிபீவர் இரண்டையும் திறக்கும்.

ஒரு எச்சரிக்கை: சாதாரண எஸ்கியூலைட் கோப்புக்குக் கடவுச்சொல் இல்லை, நகலெடுத்தவர் எவரும் படிக்கலாம். ஜகாத் பெறுவோரின் பெயர்கள் இருந்தால், எஸ்கியூஎல்சைஃபர் மூலம் பூட்டுங்கள். வாரம் ஒரு பிரதியை வெளியூரில் வையுங்கள். அது திறக்கிறதா என்றும் பாருங்கள்.