தாரணையும் தர்ணாவும்

வங்கிக்காரர்களுக்கு தர்ணா புதிதல்ல. மண்டல அலுவலக வாசலில் ஷாமியானா, சங்கக் கொடி, மதியம் வரை கோஷம், அப்புறம் டீ. ஆனால் அந்த வார்த்தையே எங்கள் தொழிலில் பிறந்தது என்பது எங்களில் பல பேருக்குத் தெரியாது. தர்ணா முதலில் ஒரு கடன் வசூல் முறை. கடன் கொடுத்தவன், வாங்கியவனின் வீட்டு வாசலில் போய்ச் சாப்பிடாமல் உட்கார்ந்துவிடுவான். அவன் அங்கேயே செத்துப் போனால் பாவம் வீட்டுக்காரன் தலையில். ஜப்தி நோட்டீஸ் கிடையாது, வக்கீல் கிடையாது, ஜாமீன்தாரர் கிடையாது. தன் உடம்பு ஒன்றுதான் ஆவணம்.

நம் பக்கத்திலும் இதற்கு ஒரு உறவுமுறை இருந்திருக்கிறது. 13-ம் நூற்றாண்டின் கடைசியில் பாண்டிய நாட்டுக் கரைக்கு வந்த மார்க்கோ போலோ அதை எழுதி வைத்திருக்கிறார். கடன் கொடுத்தவன் கடனாளியைச் சுற்றித் தரையில் ஒரு வட்டம் கிழித்துவிட்டால், பணத்தைக் கொடுக்காமலோ சமாதானம் சொல்லாமலோ அவன் வட்டத்தைத் தாண்டக் கூடாது. ஒரு வெளிநாட்டு வியாபாரி, குதிரை மேல் இருந்த ராஜாவையே இப்படி வட்டத்துக்குள் நிறுத்தியதாகவும், ராஜா கடன் தீரும்வரை நகரவில்லை என்றும் சொல்கிறார். (இன்றைய வாராக்கடன் பட்டியலை வைத்துக்கொண்டு இதைப் படித்தால் பெருமூச்சுதான் வரும்.)

வெள்ளைக்காரனுக்கு இந்த உட்காருதல் பிடிக்கவில்லை. 1860-ம் வருஷத்து இந்திய தண்டனைச் சட்டத்தின் 508-ம் பிரிவில், தெய்வக் கோபம் வரும் என்று நம்பவைத்து ஒருவரை ஒரு காரியம் செய்ய வைப்பது குற்றம் என்று எழுதி, அதற்கு உதாரணமாகவே அடுத்தவன் வாசலில் தர்ணா இருப்பதைக் காட்டினார்கள். 2024-ல்தான் அந்தச் சட்டத்தின் இடத்துக்குப் புதுச் சட்டம் வந்தது.

இப்போது யோகாவுக்கு வருகிறேன். பதஞ்சலியின் எட்டு அங்கங்களில் ஆறாவது தாரணை. மனதை ஒரே இடத்தில் பிடித்து வைப்பது. தர்ணாவுக்கும் தாரணைக்கும் சமஸ்கிருத வேர் ஒன்றேதான்: பிடித்துக்கொள்வது, விடாமல் தாங்குவது. ஒருவன் மனதைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான், இன்னொருவன் அடுத்தவன் வாசலைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறான். வார்த்தை விளையாட்டு என்று நினைக்கலாம். டேராடூனுக்கு மாற்றலாகி வந்து, ஹரித்வாரிலிருந்து தெஹ்ரி வரைக்கும் உள்ள மலை ரோட்டில் அலைய ஆரம்பித்த பிறகு எனக்கு அப்படித் தோன்றவில்லை.

ஊரிலிருந்து யார் வந்தாலும் முதலில் ரிஷிகேஷ்தான். எங்கள் சித்தப்பா ரயிலை விட்டு இறங்கியதும் கேட்டார், "ஏலே, நம்ம பத்தமடை சாமியார் ஆசிரமம் எங்க இருக்கு?" திருநெல்வேலிக்காரர்களுக்கு அந்த உரிமை உண்டு. சுவாமி சிவானந்தர் 1887-ல் பத்தமடையில் பிறந்த குப்புசாமி. மலாயாவில் பத்து வருஷம் டாக்டர். 1924-ல் ரிஷிகேஷ் வந்து சன்னியாசம் வாங்கினார். எனக்கு அவரிடம் பிடித்த விஷயம் ஒன்று உண்டு. 1927-ல், முதிர்ந்த இன்சூரன்ஸ் பாலிசிப் பணத்தைப் போட்டு லட்சுமண் ஜூலாவில் ஏழை யாத்ரீகர்களுக்காக இலவச மருந்தகம் தொடங்கினார். பாலிசிப் பணத்துக்கு இதைவிட நல்ல செலவை நான் பார்த்ததில்லை. தெய்வ நெறிக் கழகம் 1936-ல் வந்தது. பாய்க்குப் பேர்போன ஊரிலிருந்து வந்தவர், உலகமே பாய் விரித்து ஆசனம் போட ஒரு காரணமாகிவிட்டார்.

அவருக்குப் பின் ஆசிரமத் தலைவரான சிதானந்தர் நம் லயோலா கல்லூரியில் படித்தவர். எழுபதுகளின் தொடக்கத்தில் இவர் ஆசிரமத்தை விட்டு மலையேறி, காட்டுக்காகப் போராடிக்கொண்டிருந்த கிராமங்கள் வழியாக ஒரு மாதம் நடந்து அந்த மக்களை ஆசீர்வதித்தார். ஆசிரமத்துக்கு வருகிற நம் ஆட்களுக்கு இது தெரிவதில்லை. அங்கே என்ன போராட்டம் நடந்தது என்பதே தெரிவதில்லை.

1968 பிப்ரவரியில் பீட்டில்ஸ் பாடகர்கள் ரிஷிகேஷில் மகரிஷி மகேஷ் யோகியிடம் தியானம் கற்க வந்ததும், உலகப் பத்திரிகைகள் எல்லாம் கேட் வாசலில் காத்துக் கிடந்ததும் எல்லோருக்கும் தெரியும். அதே வருஷம் மே 30-ம் தேதி, மேலே மலையில் திலாரி என்ற இடத்தில் கிராமத்துக்காரர்கள் கூடினார்கள். 1930-ல் அதே தேதியில், காட்டுச் சட்டத்தை எதிர்த்துக் கூடியவர்கள் மீது தெஹ்ரி சமஸ்தானப் படை சுட்ட இடம் அது. செத்தவர்களை நினைத்து, காட்டைக் காப்போம் என்று உறுதி எடுத்தார்கள். அங்கே ஒரு நிருபரும் காத்துக் கிடக்கவில்லை.

இந்த இரண்டு உலகத்தையும் முதலில் ஒரே உடம்பில் சேர்த்துப் பார்த்தவர் ஒரு வெளிநாட்டுப் பெண். மேடலின் ஸ்லேட், பிரிட்டிஷ் கடற்படை அட்மிரலின் மகள். காந்தியைப் பற்றி ரொமெய்ன் ரோலண்ட் எழுதியதைப் படித்தவர், உடனே கப்பல் ஏறவில்லை. ஒரு வருஷம் தன்னைப் பழக்கினார். மாமிசத்தை விட்டார், நூற்கக் கற்றார், தரையில் படுத்தார், தரையில் சம்மணம் போட்டு உட்காரப் பழகினார். நமக்கு சம்மணம் ஒரு விஷயமா? நாற்காலியிலேயே வளர்ந்த முப்பது வயதுக்காரியின் முழங்காலைக் கேட்டால் தெரியும். எனக்கு இதுதான் அவருடைய யோகப் பயிற்சி என்று தோன்றுகிறது. 1925 நவம்பரில் சபர்மதி வந்து மீரா பென் ஆனார். காந்தியோடு சிறைக்கும் போனார்.

சுதந்திர வருஷத்தில் ரிஷிகேஷ் பக்கத்தில் மாடுகளுக்காகப் பசுலோக் என்ற ஆசிரமத்தைத் தொடங்கினார். பிறகு இன்னும் மேலே, பிலங்கனா ஆற்றுப் பள்ளத்தாக்கில் கோபால் ஆசிரமம். அங்கே உட்கார்ந்து அவர் தியானம் செய்தாரோ என்னவோ, மரங்களைப் பார்த்தார். பாஞ்ச் என்கிற ஓக் மரங்கள் குறைந்து சீட் பைன் பெருகுவதைப் பார்த்தார். ஓக் இலை மாட்டுக்குத் தீனி, உதிர்ந்த சருகு மழைத் தண்ணீரைப் பிடித்து ஊற்றுக்குக் கொடுக்கும். பைன் ஊசிகள் இரண்டும் செய்யாது, தீ மட்டும் பிடிக்கும். ஆனால் பைனில் ரெசினும் மரக்கட்டையும் உண்டு, அதாவது வருமானம் உண்டு. இமயமலையில் ஏதோ தப்பாக நடக்கிறது என்று ஐம்பதுகளிலேயே எழுதினார். 1959-ல் இந்தியாவை விட்டுப் போய், 1982-ல் ஆஸ்திரியாவில் இறந்தார். சிப்கோ 1973-ல் தொடங்கி, 1974 மார்ச்சில் ரேணி கிராமத்துப் பெண்கள் கௌரா தேவி தலைமையில் மரங்களைக் காத்து நின்றபோது, அவர் எழுதியது பலித்துக்கொண்டிருந்தது.

அதே பிலங்கனா பள்ளத்தாக்கில் 1956-ல் மனைவி விமலாவோடு ஆசிரமம் அமைத்தவர் சுந்தர்லால் பகுகுணா. அரசியலை விட்டுவிட்டுக் கிராமத்தில் வாழ்வதாக இருந்தால்தான் கல்யாணம் என்று விமலா போட்ட நிபந்தனையை ஏற்றவர். (பெண் பார்க்கப் போகிறவர்கள் கவனிக்க!) அவருக்கு பதின்மூன்று வயதில் குருவாக வாய்த்தவர் ஸ்ரீதேவ் சுமன். தெஹ்ரி மன்னராட்சியில் மக்களுக்கு உரிமை கேட்டதற்காகச் சிறைப்பட்டு, 1944 மே 3-ம் தேதி உண்ணாவிரதம் தொடங்கி, 84-ம் நாள், ஜூலை 25-ல் சிறையிலேயே செத்தவர். உடலைக் கம்பளியில் சுற்றி ராத்திரியோடு ராத்திரியாக பிலங்கனாவில் எறிந்தார்கள். இறுதிச் சடங்குக்குக் கூட்டம் சேரக் கூடாதல்லவா.

பிலங்கனா இன்னொருவரையும் கொண்டு போயிருக்கிறது. லாகூரில் கணிதப் பேராசிரியராக இருந்து, வேலையை விட்டுத் துறவியாகி, ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் போய் வேதாந்தம் பேசிய சுவாமி ராமதீர்த்தர். 1906 தீபாவளி அன்று தெஹ்ரி அருகே அந்த ஆற்றில் குளிக்க இறங்கியவர் திரும்பவில்லை. முப்பத்து மூன்று வயதுகூட நிறையவில்லை.

பகுகுணா அணைக்கட்டு நடக்கும் இடத்தருகே பாகீரதிக் கரையில் குடிசை போட்டு உட்கார்ந்தார். 1991 உத்தரகாசி பூகம்பத்துக்குப் பிறகு, பூகம்ப மலையில் 260 மீட்டர் உயர அணையா என்று அவர் கேட்ட கேள்வி இன்னும் கூர்மையானது. 1995-ல் அவருடைய நீண்ட உண்ணாவிரதம் நரசிம்ம ராவின் வாக்குறுதியோடு முடிந்தது. அடுத்தது டெல்லி ராஜ்காட்டில் 74 நாள். தேவ கவுடா மறுபரிசீலனைக்கு உறுதி கொடுத்தார். குழு வந்தது, அறிக்கை வந்தது. 2001-ல் பகுகுணா கைதானார். 2004-ல் தண்ணீர் குடிசைப் பக்கம் ஏறியது. 2005 அக்டோபரில் கடைசிச் சுரங்கத்தையும் மூடினார்கள், அடுத்த வருஷம் மின்சாரம் வந்தது. ஆயிரம் மெகாவாட். டெல்லிக்குக் குடிதண்ணீரும் அங்கிருந்து போகிறது, அதையும் சொல்ல வேண்டும்.

பழைய தெஹ்ரி நகரம், சிறை இருந்த இடம், ராமதீர்த்தர் இறங்கிய துறை எல்லாம் ஒரே தண்ணீருக்கு அடியில். ஏரிக்கு வைத்த பெயர் சுவாமி ராமதீர்த்த சாகர். சுமன் சாகர் என்று சொல்கிறவர்களும் உண்டு.

2011 ஜூன் மாதத்தைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். யோகா குரு ராம்தேவ் வெளிநாட்டுக் கறுப்புப் பணத்தை மீட்கச் சொல்லி டெல்லி ராம்லீலா மைதானத்தில் உண்ணாவிரதம் தொடங்கினார். நள்ளிரவில் போலீஸ் கலைத்தது. ஹரித்வார் திரும்பி உண்ணாவிரதத்தைத் தொடர்ந்தார், உடல் தளர்ந்து டேராடூன் அருகே ஜாலி கிராண்டில் உள்ள மருத்துவமனையில் சேர்த்தார்கள். அந்த மருத்துவமனையும் ஒரு யோகி, சுவாமி ராமா, தொடங்கிய அறக்கட்டளையுடையது. தலைவர்கள், சாமியார்கள், சேனல் வண்டிகள். நாடித்துடிப்பு, ரத்த அழுத்தம் எல்லாம் டிவியில். ஒன்பதாம் நாள், ஜூன் 12-ல் பழச்சாறு குடித்து முடித்தார்.

அதே கட்டடத்தில் இன்னொரு துறவி நினைவில்லாமல் கிடந்தார். ஹரித்வார் மாத்ரி சதன் ஆசிரமத்து சுவாமி நிகமானந்தா, முப்பதுகளில் இருந்தவர். ஹரித்வாரில் கங்கைப் படுகையில் கல்லும் மணலும் அள்ளுவதை நிறுத்தச் சொல்லி பிப்ரவரி 19-ல் சாப்பாட்டை நிறுத்தியவர். மே 26-ல் உத்தராகண்ட் உயர் நீதிமன்றம் குவாரிக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது. ஜெயித்துவிட்டார். ஆனால் தீர்ப்பைக் கேட்கும் நிலையில் அவர் இல்லை. ஜூன் 13-ல், மற்றவர் பழச்சாறு குடித்த மறுநாள், இறந்தார். அதற்குப் பிறகுதான் சேனல்களுக்கு அவர் பெயர் தெரிந்தது. விஷம் வைத்தார்கள் என்று ஆசிரமம் சொன்னது, சிபிஐ விசாரித்து அப்படியில்லை என்று முடித்தது.

கறுப்புப் பணம் அற்ப விஷயம் என்று ஒரு வங்கிக்காரன் சொல்ல முடியாது. ராம்தேவ் கேட்டதும் நியாயமான கேள்விதான். ஆனால் பழைய தர்ணாவின் சட்டம் ஒன்று உண்டு: வாசலில் உட்கார்ந்திருப்பவனை வீட்டுக்காரன் பார்த்தே ஆக வேண்டும். பார்க்காமலே இருந்துவிட்டால் அந்த முறையே செல்லாது. 115 நாள் ஒருவர் உட்கார்ந்திருந்தார், வீட்டுக்காரன் பக்கத்து அறையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

பேராசிரியர் ஜி.டி. அகர்வால் இதையெல்லாம் தெரிந்தேதான் உட்கார்ந்தார். ரூர்க்கியில் படித்து, பெர்க்லியில் டாக்டர் பட்டம் வாங்கி, கான்பூர் ஐஐடியில் பாடம் நடத்தி, மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் முதல் உறுப்பினர் செயலராக இருந்தவர். அவருடைய முந்தைய உண்ணாவிரதங்களுக்குப் பலன் இருந்தது. 2010-ல் பாகீரதி மேல் 600 மெகாவாட் லோஹாரிநாக் பாலா திட்டத்தை, வேலை தொடங்கிய பிறகும், அரசு கைவிட்டது. 2011-ல் சன்னியாசம் வாங்கி சுவாமி ஞான ஸ்வரூப் சானந்த் ஆனார். கங்கைக்குத் தனிச் சட்டம் கேட்டு 2018 ஜூன் 22-ல் அதே மாத்ரி சதனில் கடைசி முறையாக உட்கார்ந்தார். பிரதமருக்குக் கடிதங்கள் எழுதினார். அக்டோபர் 11, 111 நாள் கழித்து, ரிஷிகேஷ் எய்ம்ஸில் உயிர் போனது. வயது 86. உடலையும் அந்த மருத்துவமனைக்கே எழுதி வைத்திருந்தார்.

பகுகுணா இறந்ததும் அங்கேதான். 2021 மே 21, கொரோனா. வயது 94. அந்த மருத்துவமனை பசுலோக்கை ஒட்டி இருக்கிறது, மீரா பென் மாடு வளர்த்த பக்கம். தெஹ்ரியிலிருந்து கிளப்பப்பட்ட குடும்பங்களில் ஒரு பகுதியை அரசு குடியமர்த்தியதும் பசுலோக்கில்தான். எங்கள் கிளையில் காசாளராக இருந்து ஓய்வு பெற்ற ஒருவர் அந்தக் காலனியில் வீடு கட்டியிருக்கிறார். பழைய தெஹ்ரி மணிக்கூண்டுக்குப் பக்கத்துத் தெருவாம். புதுத் தெஹ்ரியில் அதே மாதிரி ஒரு மணிக்கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள், ஆனால் அதைப் பார்க்கப் போகப் பிடிக்கவில்லை என்றார்.

போன வருஷம் அவருடைய கணக்குக்குக் கேஒய்சி புதுப்பிக்க வேண்டியிருந்தது. ஆதார், பான் எல்லாம் சரி. தற்போதைய முகவரி: பசுலோக், ரிஷிகேஷ். நிரந்தர முகவரி என்ற கட்டத்தில் பேனாவை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார். அப்புறம் ஏரிக்குள் இருக்கும் தெருப் பெயரை, வீட்டு எண்ணோடு, நிறுத்தி நிதானமாக எழுதினார். நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டேன்.