ஸ்ட்ரைக்: அடியும் நிறுத்தமும்

முதலியார்பேட்டையில் 'ஸ்டைக்கு' என்றால் ஒரே அர்த்தம்தான். மில் ஓடவில்லை, ஆட்கள் கேட்டுக்கு வெளியே நிற்கிறார்கள். ஆங்கில அகராதியிலோ இந்தச் சொல்லுக்கு அர்த்தம் பத்தி பத்தியாகப் போகிறது. தீக்குச்சி உரசுவது, மணி அடிப்பது, இடி விழுவது, நாணயம் அச்சடிப்பது, பேரம் படிவது, பூமிக்கடியில் எண்ணெய் தட்டுப்படுவது, பட்டியலிலிருந்து ஒரு பெயரை அடிப்பது, மனசில் திடீரென்று ஒன்று படுவது எல்லாமே ஸ்ட்ரைக். கிரிக்கெட்டில் பந்தை எதிர்கொள்கிற மட்டையாளர் ஸ்ட்ரைக்கில் இருக்கிறார். இத்தனையில் நம்மிடம் முதலில் வந்து நிலைத்தது ஒன்றே ஒன்று, அதுவும் ஆலையின் வழியாக. ஒரு சொல் இன்னொரு மொழிக்குள் நுழையும்போது எதை உதிர்த்துவிட்டு வருகிறது, உதிர்ந்தது எப்போது யார் கையில் திரும்பி வருகிறது என்பதை வெறும் மொழியியல் விவகாரமாக என்னால் பார்க்க முடியவில்லை.

பழைய ஆங்கிலத்தில் இதன் வேர்ச்சொல்லுக்கு அடித்தல் என்ற பொருளே பிரதானமில்லை. தடவுதல், மெல்லத் தேய்த்துக்கொண்டு போதல். 'ஸ்ட்ரோக்' இதற்கு உறவுக்காரச் சொல். தடவல் பிற்பாடு அடியாயிற்று. மாலுமிகளின் பேச்சில் இன்னொரு திருப்பம்: பாயை இறக்குவது ஸ்ட்ரைக், கொடியை இறக்குவதும் ஸ்ட்ரைக். கொடியை இறக்கினால் சரணாகதி. 1761இல் லாலி ஆங்கிலேயரிடம் புதுச்சேரியை ஒப்படைத்தபோது இங்கே நடந்ததும் அந்த அர்த்தத்தில் ஒரு ஸ்ட்ரைக்தான். ஏழு வருஷம் கழித்து, 1768இல், லண்டன் துறைமுகத்து மாலுமிகள் கூலித் தகராறில் கப்பல்களின் பாய்களை இறக்கிவிட்டார்கள். கப்பல் நகரவில்லை. வேலையை நிறுத்துவது என்ற பொருள் அங்கிருந்துதான் கிளம்புகிறது. பணிவதற்கான சைகை, பணிய மறுக்கிறவன் கைக்கு மாறிவிட்டது.

ஆனால் புதுச்சேரியை ஆண்டவனின் சொல் இது இல்லை. அவன் சொல் 'கிரேவ்'. பாரிஸில் சேன் நதிக்கரையின் மணலும் சரளையுமான மேட்டுக்குப் பெயர் கிரேவ். அதையொட்டிய சதுக்கத்தில்தான் படகுச் சரக்கு இறங்கியது. வேலையற்றவர்கள் கூலிக்கு யாராவது கூப்பிட மாட்டார்களா என்று காத்து நின்றார்கள். ஊர் பார்க்க மரண தண்டனை நிறைவேற்றியதும் அங்கேதான். வேலை கிடைக்காமல் கிரேவில் நிற்பது, 19ஆம் நூற்றாண்டில் வேலை செய்ய மறுத்து நிற்பதாக அர்த்தம் மாறியது. 'சொல்தா'வும் 'மேரி'யும் புதுச்சேரித் தமிழில் ஒட்டிக்கொண்டன. கிரேவ் ஒட்டவில்லை. அதிகாரத்தின் வேலைகளுக்கான சொற்களை அதிகாரத்திடம் வாங்கிக்கொண்டவர்கள் மறுப்புக்கான சொல்லை எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து எடுத்துக்கொண்டார்கள் என்பது என் ஊகம். 1908இல் வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் முன்நின்ற தூத்துக்குடி கோரல் மில் ஸ்ட்ரைக், 1918இல் பிறந்த சென்னைத் தொழிலாளர் சங்கம் என்று அந்தப் பக்கத்தில் முன்னுதாரணங்களுக்குக் குறைவில்லை.

1936இல் இந்த இரண்டு சொற்களும் நேருக்கு நேர் மோதின. ஜூன் மாதம் பிரான்ஸ் முழுக்கத் தொழிலாளர்கள் ஆலைகளுக்குள்ளேயே உட்கார்ந்துகொண்டார்கள். மக்கள் முன்னணி அரசு இறங்கிவந்தது. கூலி உயர்வு, சம்பளத்தோடு விடுமுறை, வாரத்துக்கு 40 மணி நேர வேலை. அதே அரசின் ஆளுகையிலிருந்த புதுச்சேரியில், வ. சுப்பையாவின் தலைமையில் ஆலைத் தொழிலாளர்கள் போராடியபோது, ஜூலை 30ஆம் தேதி சவானா மில்லில் துப்பாக்கி வெடித்தது. 12 பேர் செத்தார்கள். கிரேவ் பாரிஸில் உரிமை, முதலியார்பேட்டைக்காரன் செய்தால் கலகம். சொல் உதிர்த்துவிட்டு வந்த 'அடி' என்ற அர்த்தம் காணாமல் போகவில்லை, சிப்பாயின் கையில் இருந்தது. 1937இல் எட்டு மணி நேர வேலை இங்கேயும் சட்டமாயிற்று. அதைப் பிரெஞ்சுக் குடியரசின் தாராளமாக எழுதுகிறவர்கள் அந்த 12 பேரைத் தாண்டித்தான் எழுத வேண்டும்.

ஸ்ட்ரைக் தனியாக வந்த சொல்லும் அல்ல. லாக்கவுட் வந்தது, கதவடைப்பு ஆயிற்று. பிளாக்லெக் வந்தது. ஸ்ட்ரைக்கை உடைத்து உள்ளே போகிறவனுக்கு நாம் வைத்திருக்கும் பெயர் 'கருங்காலி'. கருங்காலி மரம் கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்டும் என்று மேடையில் விளக்கம் சொல்வார்கள். நல்ல விளக்கம்தான். ஆனால் அந்த ஆங்கிலச் சொல்லை இரண்டாகப் பிளந்து தமிழாக்கிப் பாருங்கள், கருங்கால் என்றுதான் வருகிறது. மரம் அப்புறம் நட்டதோ என்று எனக்குச் சந்தேகம். எது முந்தி என்பது பெரிசில்லை. 1921இல் சென்னை பின்னி ஆலைகளில் ஸ்ட்ரைக் நடந்தபோது வேலைக்குப் போனவர்களில் பெரும்பாலோர் ஆதி திராவிடர்கள். புளியந்தோப்பில் குடிசைகள் எரிந்தன, துப்பாக்கிச் சூடு நடந்தது. திரு.வி.க. போன்றவர்கள் நின்ற பக்கத்தில் எம்.சி. ராஜா நிற்கவில்லை. வர்க்க ஒற்றுமை என்ற பெருங்கதையாடல் அவர்களைத் துரோகி என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறது. சங்கத்துக்குள் சேரிக்காரனுக்கு என்ன இடம் இருந்தது, எதை நம்பி அவன் கூலியை விடுவான் என்ற கேள்விகளை அது கேட்பதேயில்லை. கறுப்பைத் துரோகத்தின் நிறமாக்குகிற ஒரு சொல்லை, ஜாதிப் பட்டத்தையே ஊர்ப்பெயராகச் சுமக்கும் முதலியார்பேட்டையில் நின்று கூச்சமில்லாமல் உச்சரிக்க எனக்கு வாய் வரவில்லை.

'வேலைநிறுத்தம்' என்ற தமிழாக்கத்துக்கு வருவோம். கண்ணியமான சொல். அதில் நிறுத்தம் இருக்கிறது, அடி இல்லை. நிறுத்துகிறவனும் இல்லை. சட்டத்துக்கு இந்த எழுவாய் இல்லாத நிறுத்தம் ரொம்பப் பிடிக்கும். 1947ஆம் வருஷத்துத் தொழில் தகராறுச் சட்டம் ஸ்ட்ரைக்கை வேலை நின்றுபோவதாகவே வரையறுத்தது. 2020இன் தொழில் உறவுத் தொகுப்பு இன்னும் ஒரு படி மேலே போய், பாதிப்பேரோ அதற்கு மேலோ பேசிவைத்து ஒரே நாளில் தற்செயல் விடுப்பு எடுத்தாலும் அது ஸ்ட்ரைக்தான் என்கிறது. தொழிலாளி செய்யக்கூடியது என்று வரும்போது சொல்லின் வலை இப்படி விரிகிறது. அரசு செய்யும்போது? 2003இல் தமிழக அரசு ஊழியர்கள் ஸ்ட்ரைக் செய்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்டவர்களை அரசு ஒரே வீச்சில் வேலையிலிருந்து நீக்கியது. பட்டியலிலிருந்து பெயரை அடிப்பதும் ஸ்ட்ரைக்தான், ஆங்கிலத்தில். 2016இல் 'சர்ஜிக்கல் ஸ்ட்ரைக்' என்று டிவியில் அலறினார்கள். உதிர்ந்த அடி ராணுவ உடுப்போடு தமிழுக்குத் திரும்பி வந்தது. அந்த ஸ்ட்ரைக்குக்குக் கைதட்டிய வாய்களில் சில, மறுநாளே சங்கக்காரனின் ஸ்ட்ரைக்கைத் தேசவிரோதம் என்று சொல்ல முடிந்தது.

முதலியார்பேட்டையின் ரோடியர் மில், அதாவது ஏ.எஃப்.டி., 1898இல் தொடங்கியது. பிற்பாடு அரசுடைமை ஆயிற்று. 2011 டிசம்பரில் தானே புயல் அதை நொறுக்கியது. அப்புறம் லே-ஆஃப், பாதிச் சம்பளம். 2020இல் மூடினார்கள். அங்கே வேலையை நிறுத்தியது அரசு. ஆனால் அதற்கு வேலைநிறுத்தம் என்று பெயரில்லை, 'மூடல்' என்று பெயர். பாக்கி கேட்டு வந்த தொழிலாளர்கள் கூடியதற்கும் அந்தப் பெயரில்லை. போராட்டம் என்றார்கள், தர்ணா என்றார்கள். ஸ்டைக்கு என்று சொல்ல வழியில்லை, நிறுத்துவதற்கு அவர்கள் கையில் வேலை இல்லையே.