பலாலிக்கும் சென்னைக்கும் இடையில்

சென்னை மீனம்பாக்கத்திலிருந்து யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையம் நேர்கோட்டில் ஏறத்தாழ 355 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது. மதுரை விமான நிலையமோ ஏறத்தாழ 415 கிலோமீட்டர். வானத்தில் அளந்தால் மதுரையைவிட யாழ்ப்பாணமே சென்னைக்கு அருகில் இருக்கிறது. எனினும் இந்த அண்மை நம் மனத்தில் பதியவில்லை. அதற்கான காரணத்தை வரலாற்றில்தான் தேட வேண்டும்.

முதலில் இருந்தது கப்பலும் ரயிலும் சேர்ந்த வழி. 1914இல் பாம்பன் பாலம் திறக்கப்பட்டபின், சென்னை எழும்பூரில் ஏறியவர் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பலில் தலைமன்னார் சென்று, மீண்டும் ரயில் பிடித்தார். 'போட் மெயில்' என்ற பெயரை முதியவர்கள் இன்றும் சொல்வார்கள். யாழ்ப்பாணம் செல்பவர் தெற்கே மதவாச்சி வரை போய், அங்கே வண்டி மாறி வடக்கே திரும்ப வேண்டும். 1964 டிசம்பர்ப் புயலில் தனுஷ்கோடி அழிந்தபோது அந்த வழியின் இந்தியக் கரை சிதைந்தது.

இதற்கிடையே வானவழி திறந்திருந்தது. இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானிய விமானப் படை பலாலியில் ஓடுதளம் அமைத்தது. 1947 டிசம்பர் 10 அன்று ஏர் சிலோன் நிறுவனத்தின் முதல் விமானம் இரத்மலானையில் புறப்பட்டு, யாழ்ப்பாணத்தில் தரித்துச் சென்னை வந்தது. இலங்கை விடுதலை பெற அப்போது இரண்டு மாதங்கள் இருந்தன. அந்த டகோட்டா விமானத்தின் பெயர் 'சீதாதேவி'. இலங்கையிலிருந்து இக்கடலைக் கடந்த ஊர்திக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைத்திருக்காது. மணிக்கு 300 கிலோமீட்டர் அளவில் பறந்த அவ்வகை விமானத்துக்குப் பலாலி–சென்னை ஒரு மணி நேரத்தைச் சற்றே தாண்டும் பயணம்.

பின்னர் போர் வந்தது. பலாலி படைத்தளமாயிற்று. 1987 ஜூலையில் இந்திய அமைதிப்படை வந்திறங்கியதும் இங்கேதான். 1990இல் சுற்றுப்புறக் கிராம மக்கள் இடம்பெயர்ந்தனர். சென்னை வர விரும்பிய யாழ்ப்பாணத்தவர் ஏறத்தாழ 400 கிலோமீட்டர் தெற்கே கொழும்பு சென்று, கட்டுநாயக்காவிலிருந்து மேலும் 645 கிலோமீட்டர் பறக்க வேண்டியிருந்தது. தரைவழி அடைபட்ட காலங்களில் திருகோணமலைக்குக் கப்பலோ, கொழும்புக்கு உள்நாட்டு விமானமோதான் கதி. அந்த விமானமும் பாதுகாப்பானதன்று. 1998 செப்டம்பர் 29 அன்று பலாலியிலிருந்து கிளம்பிய லயன் ஏர் விமானம் 55 பேருடன் கடலில் வீழ்ந்தது, எவரும் பிழைக்கவில்லை.

வரைபடத்தில் கட்டுநாயக்காவையும் மீனம்பாக்கத்தையும் ஒரு கோட்டால் இணைத்துப் பாருங்கள். அக்கோடு பலாலிக்குச் சில கிலோமீட்டர் அருகில் செல்கிறது. தெற்கே அத்தனை தூரம் அலைந்து விமானம் ஏறியவர், ஏறத்தாழத் தம் ஊர் இருக்கும் நேர்கோட்டிலேயே திரும்பி வந்திருக்கிறார்.

2019 அக்டோபர் 17 அன்று பலாலி, யாழ்ப்பாணம் சர்வதேச விமான நிலையமாகத் திறக்கப்பட்டது. நவம்பரில் சென்னைச் சேவை தொடங்கியது. 2020 மார்ச்சில் கொரோனாவால் நின்று, 2022 டிசம்பர் 12 அன்று மீண்டது. இன்றைய ஏடிஆர் விமானமும் ஒன்றரை மணி நேரத்துக்குள் வந்துவிடுகிறது. வானில் கழியும் நேரம் 1947இலிருந்து பெரிதும் மாறவில்லை. இடையில் மாறியதெல்லாம் தரையில்தான்.

விமான நிலையத்தைச் சுற்றியுள்ள நிலங்கள் படிப்படியாக விடுவிக்கப்பட்டன. ஆனால் எல்லாம் அல்ல. சென்னையிலிருந்து பலாலிக்கு ஒன்றரை மணி நேரத்தில் சென்று இறங்கிவிடலாம். வேலிக்கு அப்பால் தன் காணியைப் பார்த்து நிற்பவருக்கு, அந்தச் சில நூறு அடிகளைக் கடக்க முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் போதவில்லை.