மண்ணெண்ணெயில் ஓடிய வண்டி

சென்ற மாதம் பழைய மோட்டார் சைக்கிள் ஒன்றைப் பார்க்கச் சாவகச்சேரிக்குப் போயிருந்தேன். ஹொண்டா சி.டி. 200, இரட்டைச் சிலிண்டர். யாழ்ப்பாண நகருக்கு வேலைக்குப் போய்வரலாம். வார இறுதியில் தனங்கிளப்பு வழியாகச் சங்குப்பிட்டிப் பாலத்தைக் கடந்து பூநகரி, மன்னார் வரை ஓடலாம் என்பது என் எண்ணம்.

பழைய வண்டி வாங்குவோர் எத்தனை மைல் ஓடியது என்று கேட்பது வழமை. குடாநாட்டில் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: இது மண்ணெண்ணெயில் ஓடியதா?

1990 ஜூனில் போர் மீண்டும் மூண்டபின் பெற்றோல் தடைசெய்யப்பட்ட பொருளாயிற்று. இளைய வாசகர்கள் நம்பமாட்டார்கள். அன்று பெற்றோலைத் துளிக்கணக்கில் செலவிட்டோம். குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் எளிதில் ஆவியாகாது. ஆகவே சிறு போத்தலிலிருந்து சில துளி பெற்றோலைக் காபுரேற்றருக்குள் விட்டு உதைத்து, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓடவிடுவார்கள். எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைத் தாண்டிக் கீழிறங்கி ஒயிலை நீர்த்துப்போகச் செய்யும். உள்ளே கரி படியும், வளையங்கள் தேயும். அப்படித் தேய்ந்த எஞ்சின்களைத் திருத்தித் திருத்தியே நம்மூர் மெக்கானிக்குகள் தொழில் தேர்ந்தார்கள்.

1995 அக்டோபர் 30இல் வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குள் வந்து குவிந்தார்கள். 2000ஆம் ஆண்டுச் சண்டையில் சாவகச்சேரி நகரமே இடிபாடாயிற்று. ஒவ்வோர் இடப்பெயர்விலும் வண்டிகள் தப்பினாலும் ஆவணங்கள் தொலைந்தன. 2002இல் ஏ-9 வீதி திறந்தபின் இந்திய மோட்டார் சைக்கிள்கள் பெருகின. 2020இல் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதும் பழைய வண்டிகளுக்கு மீண்டும் விலை ஏறியது. 2022 ஜூலையில் மோட்டார் சைக்கிளுக்கு வாரம் 4 லீற்றர் என்று பங்கீடு வந்தபோது, எங்கள் தலைமுறைக்கு அது புதிதாகத் தோன்றவில்லை.

நான் பார்க்கப் போன வண்டியின் சொந்தக்காரர் எண்பதை நெருங்கிய ஓய்வுபெற்ற ஆசிரியர். தடைக்காலத்தில் அவரே அதை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். 2003இல் மகனின் பெயருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். வன்னிக்குப் போன மகன் 2009க்குப் பின் திரும்பவில்லை.

இங்கே பெயர் மாற்றாமல் ‘ஓப்பின் பேப்பரில்’ வண்டி கைமாறுவது சாதாரணம். ஆனால் அதற்கும் பதிவுச் சொந்தக்காரரின் கையெழுத்து வேண்டும்.

“கையெழுத்து வைக்க அவன் வரவேணும், தம்பி. மரணச் சான்றிதழ் எடுத்தால் மாத்தலாமாம். நான் எடுக்கேல்லை” என்றார்.

2016ஆம் ஆண்டின் சட்டப்படி காணாமற்போனமைக்கான சான்றிதழ் பெறலாம். அது மரணச் சான்றிதழ் அல்ல என்று அவருக்கு விளக்கினேன். அதை வைத்து வண்டியை விற்க முடியுமா என்று கேட்டார். மகனின் சொத்தைப் பராமரிக்க உதவும், விற்பதற்கல்ல என்றேன். “அப்ப நிக்கட்டும்” என்றார்.

வண்டியை நான் வாங்கவில்லை. பிளக்கைத் துடைத்து நாலைந்து முறை உதைத்தேன். நீலப்புகை கக்கிக்கொண்டு இயங்கியது. வாசலில் நின்று அவர் அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். ஓடாமல் நின்றால் எஞ்சின் இறுகிவிடும். ஆகவே மாதமொருமுறை வந்து இயக்கிவிடுவதாகச் சொல்லியிருக்கிறேன்.

பழைய வண்டி பார்க்கப் போகும் நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன்: எஞ்சினைப் பார்ப்பதற்கு முன் பதிவுப் புத்தகத்தை வாங்கி, அதிலுள்ள பெயரை வாசியுங்கள்.