தெரு யாருக்காக மாற்றியமைக்கப்படுகிறது? நடைபாதையும் சமூகநீதியும்

பொதுத்தெருவில் நடப்பது இந்நாட்டில் போராடிப் பெற்ற உரிமை. வைக்கம் கோயிலைச் சுற்றியுள்ள சாலைகளில் ஒடுக்கப்பட்டோர் நடப்பதற்காக 1924இல் சத்தியாகிரகம் தொடங்கியது. அதே ஆண்டு, பொதுச்சாலைகளும் கிணறுகளும் அனைவருக்கும் உரியவை என்னும் தீர்மானத்தைச் சென்னை மாகாணச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் கொண்டுவந்தார். அரசமைப்பின் 15(2)ஆம் உறுப்பு சாலையைப் பெயர் சுட்டியே குறிப்பிடுகிறது. 2015ஆம் ஆண்டுத் திருத்தத்திற்குப் பின், பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் பொதுவிடத்தில் மிதிவண்டி ஓட்டுவதைத் தடுப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி குற்றமாகும். ஆகவே நடைபாதை அமைப்பதைப் பொறியாளர்களின் பணி என்று மட்டும் ஒதுக்கிவிட முடியாது.

இறப்பவர்கள் யார்?

ஒன்றிய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். அவர்களுள் பாதசாரிகள் 32,825 பேர். அந்த அறிக்கை இறந்தோரைப் பால், வயது வாரியாகப் பிரிக்கிறது. சாதி வாரியாகப் பிரிப்பதில்லை. வாகனம் வாங்க வசதியற்றோரும், விடியுமுன் சாலையில் இறங்கிப் பணியைத் தொடங்கும் தூய்மைப் பணியாளர்களும், தெருவோர வியாபாரிகளும் இந்த ஆபத்தை நாள்தோறும் எதிர்கொள்கின்றனர். தூய்மைப் பணியில் தலித் மக்களே பெரும்பான்மையினர் என்பதை நினைவில் கொண்டால், கணக்கில் விடுபட்டிருப்பது எது என்பது விளங்கும்.

பாதுகாப்பான தெருவின் கூறுகள்

முதற்கூறு வேகம். பாதசாரிகளும் வாகனங்களும் கலக்கும் இடங்களில் மணிக்கு 30 கிலோமீட்டரே உச்ச வேகமாக இருக்க வேண்டும் என 2020ஆம் ஆண்டு ஸ்டாக்ஹோம் பிரகடனம் வலியுறுத்தியது. அறிவிப்புப் பலகையால் மட்டும் வேகம் குறையாது. வாகனத் தடத்தைக் குறுக்குவது, திருப்பங்களின் வளைவை இறுக்குவது, கடக்குமிடத்தைச் சாலைமட்டத்திலிருந்து உயர்த்துவது ஆகியவை ஓட்டுநரைத் தாமாகவே மெதுவாகச் செல்ல வைக்கும்.

இரண்டாவது, தடையற்ற நடைபாதை. மின்பெட்டி, மரம், கடை எதுவும் குறுக்கிடாத 1.8 மீட்டர் அகலமேனும் தேவை. விளிம்பு 15 சென்டிமீட்டருக்கு மேல் உயரக் கூடாது என்கின்றன இந்தியச் சாலைக் காங்கிரஸின் 2012ஆம் ஆண்டு நெறிமுறைகள். மூன்றாவது, வேகமிகு சாலைகளில் மிதிவண்டிக்குத் தடுப்புடன் கூடிய தனித்தடம். வெறும் வண்ணக்கோடு சில நாளிலேயே வாகன நிறுத்தமாகிவிடும்.

பாண்டி பஜார் தரும் பாடம்

மோட்டார் அல்லாப் போக்குவரத்துக்கென 2014இல் சென்னை மாநகராட்சி தனிக் கொள்கை வகுத்தது. போக்குவரத்து நிதியில் 60 விழுக்காட்டை நடையர்களுக்கும் மிதிவண்டியோருக்கும் ஒதுக்குவது அதன் இலக்குகளுள் ஒன்று. தியாகராயர் சாலையில் 2019இல் திறக்கப்பட்ட பாண்டி பஜார் நடைபாதை வளாகம், சீர்மிகு நகரத் திட்டத்தில் அமைந்தது. முன்பு வாகனங்கள் நின்ற இடத்தில் இன்று மக்கள் நடக்கின்றனர். அது உண்மையான முன்னேற்றம். ஆனால் அந்தச் சாலையோரத்தில் கடை விரித்திருந்த வியாபாரிகள் 2013இலேயே அடுக்குமாடி வணிக வளாகத்துக்கு மாற்றப்பட்டிருந்தனர். சாலையோரம் விற்றவருக்கு, நடந்து செல்வோர் கண்ணில் படுவதே பிழைப்பு.

தெரு வியாபாரிகள் சட்டம் 2014இல்தான் வந்தது. கணக்கெடுப்பு முடியுமுன் வெளியேற்றக் கூடாது, நகர விற்பனைக் குழுவில் 40 விழுக்காட்டுக்குக் குறையாமல் வியாபாரிகளின் பிரதிநிதிகள் இருக்க வேண்டும், பட்டியல் சாதியினருக்கும் அதில் இடம் வேண்டும் என்கிறது அச்சட்டம். பாதசாரியின் உரிமையையும் வியாபாரியின் உரிமையையும் மோதவிட வேண்டியதில்லை. நடக்கும் பகுதிக்கும் வாகனத் தடத்துக்கும் இடையே விற்பனைக்கென ஓர் இடம் ஒதுக்கினால் இரண்டும் நிலைக்கும்.

கேட்க வேண்டிய கேள்விகள்

தடையற்ற நடைபாதை வாழ்வுரிமையின் பகுதி என உச்சநீதிமன்றம் 2025 மே மாதம் தெளிவுபடுத்தியது. அந்த உரிமை வணிக வீதிகளோடு நின்றுவிடலாகாது. கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் ஆகிய மறுகுடியமர்வுப் பகுதிகளுக்கு நகரின் நடுவிலிருந்து அனுப்பப்பட்டோரில் கணிசமானோர் தலித் மக்கள். அவர்கள் பேருந்து நிறுத்தத்துக்கும் பள்ளிக்கும் நடக்கும் தெருக்கள் பட்டியலில் எத்தனையாவது இடத்தில் உள்ளன?

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியே மாணவர்களும் செயற்பாட்டாளர்களும் கேட்கத்தக்கவை இவை: எந்தத் தெருக்கள், எந்த அளவுகோலால் தேர்வாயின? வார்டு வாரியாகச் செலவு எவ்வளவு? விற்பனைக் குழு எத்தனை முறை கூடியது? பணிக்கு முன்னும் பின்னும் நேர்ந்த விபத்து இறப்புகள் எத்தனை? விடைகளை வார்டு வரைபடத்தில் குறித்தால், மாநகராட்சி யாரை முதலில் நடக்கவைக்க நினைக்கிறது என்பது புலப்படும்.